ஓடிபி முதல் பாஸ்கீ வரை: வந்திருப்பது நீங்கள்தான் என்று எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

வங்கி ஆப், ஜிமெயில், ஆதார், வருமான வரித் தளம் என்று எங்கே போனாலும் பாஸ்வேர்டோடு விடுவதில்லை. ஓடிபி கேட்கிறார்கள், கைரேகை கேட்கிறார்கள், ‘உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?’ என்று போனில் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. இதெல்லாம் எதற்கு, உள்ளே என்ன நடக்கிறது, எதை எவ்வளவு நம்பலாம் என்று அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாயால் சொல்லக்கூடிய ரகசியம் எதுவாக இருந்தாலும் அதை ஒருவன் பேசியே வாங்கிவிட முடியும். அதனால் சொல்லவே முடியாத சாட்சிகளுக்கு நாம் மாற வேண்டும்.

பாஸ்வேர்டு நல்ல நீளமாக, கடினமாக இருந்தால் போதாதா?

யூகித்துக் கண்டுபிடிப்பவனிடமிருந்து அது காப்பாற்றும். ஆனால் பெரும்பாலான திருட்டு யூகத்தால் நடப்பதில்லை. நீங்கள் எப்போதோ சேர்ந்து மறந்துபோன ஒரு ஷாப்பிங் தளத்தின் தகவல்கள் கசிகின்றன, அதிலிருந்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் எடுத்து மற்ற எல்லாத் தளங்களிலும் தானாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது, எங்கே திறக்கிறதோ அங்கே நுழைந்துவிடுவார்கள். இருபது எழுத்து பாஸ்வேர்டும் இரண்டு இடத்தில் ஒன்றாக இருந்தால் இதில் சிக்கும். போலித் தளத்தில் நீங்களே தட்டிக் கொடுத்துவிட்டாலும் அதன் நீளத்தால் பயன் இல்லை. பாஸ்வேர்டு போன பிறகும் கதவு திறக்காமல் இருக்கத்தான் இரண்டாவது சாட்சி.

பல காரணிச் சரிபார்ப்பு என்கிறார்களே, பாஸ்வேர்டும் கூடவே ஒரு பின்னும் இருந்தால் அது இரண்டு காரணிதானே?

இல்லை. இரண்டுமே நீங்கள் நினைவில் வைத்திருப்பவை, ஒரே போலித் தளத்தில் இரண்டையும் கேட்டு வாங்கிவிடலாம். காரணி என்பதை வகையை வைத்துத்தான் எண்ண வேண்டும். உங்களுக்குத் தெரிந்தது ஒரு வகை: பாஸ்வேர்டு, பின். உங்கள் கையில் இருப்பது இன்னொன்று: போன், சிம், ஏடிஎம் கார்டு, கணினியில் செருகும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி. உங்கள் உடம்பிலேயே இருப்பது மூன்றாவது: கைரேகை, முகம், கருவிழி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வகையிலிருந்து ஒவ்வொன்று வந்தால்தான் பல காரணி. ஏடிஎம்மில் கார்டைச் செருகிப் பின் போட்டு வெகு காலமாகப் பணம் எடுத்து வருகிறோமே, அது முழுமையான இரண்டு காரணிச் சரிபார்ப்பு. அந்தப் பெயர் மட்டும் பின்னாளில் நமக்கு வந்து சேர்ந்தது.

வகை வேறாக இருந்தாலும் இடம் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. வங்கி ஆப்பும் அதே போன், ஓடிபி வருவதும் அதே போன், பாஸ்வேர்டைக் குறித்து வைத்திருப்பதும் அதே போனின் நோட்ஸ் என்றால், லாக்கரின் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துப் பையில் போட்டுக்கொண்டு திரிவது போலத்தான். போனின் ஸ்கிரீன் லாக் அந்த நிலையில் மிக முக்கியமானதாக ஆகிவிடுகிறது.

இது என் அடையாளத்தை உண்மையிலேயே நிரூபிக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஓடிபி சரியாக இருந்தால் தளத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: அன்றைக்குப் பதிவு செய்த எண்ணுக்கு வந்த செய்தியை இன்றைக்கு யாரோ படித்திருக்கிறார்கள். உங்கள் பெயர் என்ன, நீங்கள் யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பதிவு செய்தவரும் இப்போது வந்திருப்பவரும் ஒரே ஆள் என்று நம்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான். பெயர், முகவரி, பான் எல்லாம் சரிதானா என்று பார்ப்பது கேஒய்சி, அது தனி வேலை.

இதனால் என்ன ஆகிறது என்றால், பதிவு செய்யும் அந்தத் தருணம் பலவீனமாக இருந்தால் பிறகு எத்தனை பூட்டுப் போட்டாலும் பயன் இல்லை. உங்கள் பெயரில் வேறொருவன் தன் எண்ணைக் கொடுத்து அக்கவுண்ட் தொடங்கியிருந்தால், ஓடிபி ஒவ்வொரு முறையும் அவனைத்தான் ‘சரியான ஆள்’ என்று உள்ளே விடும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். எல்லாரும் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

யூபிஐயில் நான் பின் மட்டும்தானே போடுகிறேன்? இரண்டாவது காரணி எங்கே?

உங்கள் போன்தான். புதிதாக யூபிஐ ஆப் போடும்போது ‘எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கொடுங்கள்’ என்று கேட்குமே, அப்போது உங்கள் சிம்மிலிருந்து படித்தால் புரியாத எழுத்துகள் நிறைந்த ஒரு செய்தி போகும். வழக்கமாக ஓடிபி நமக்கு வரும், இங்கே தலைகீழாக நாம் அனுப்புகிறோம். அந்த எண்ணிலிருந்து, அந்தப் போனிலிருந்து, அந்த நேரத்தில் செய்தி வந்ததா என்று பார்த்து எண்ணையும் கருவியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை பணம் அனுப்பும்போதும் இந்தக் கட்டு உங்கள் கண்ணில் படாமலேயே சரிபார்க்கப்படுகிறது. சிம்மை மாற்றினாலோ போனை மாற்றினாலோ மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யச் சொல்வது இதனால்தான். ஆக கையில் இருப்பது போன், தெரிந்தது நான்கு அல்லது ஆறு இலக்கப் பின்.

அந்தப் பின்னை நீங்கள் தட்டும் திரை கூகுள் பே, போன்பே போன்ற ஆப் நிறுவனங்களுடையது இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது யூபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ கொடுக்கும் பொதுவான திரை. அங்கேயே பூட்டப்பட்டு உங்கள் வங்கிக்குப் போகிறது, ஆப் நிறுவனத்துக்கு உங்கள் பின் தெரியாது. 2016-ல் வந்த ஒரு அமைப்பு இவ்வளவு கவனமாக யோசித்துக் கட்டப்பட்டிருப்பதை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் மோசடிக்காரன் இந்தக் கட்டையெல்லாம் உடைக்க வருவதில்லை. ‘பணம் வர வேண்டுமானால் பின் போடுங்கள்’ என்று சொல்லி உங்கள் போனில் உங்கள் விரலாலேயே வேலையை முடித்துக்கொள்கிறான். பணம் பெறுவதற்கு எந்தப் பின்னும் தேவையே இல்லை. பின் கேட்கும் திரை வந்தால் பணம் போகப்போகிறது அல்லது நீங்கள் இருப்பைப் பார்க்கிறீர்கள், வரப்போவதில்லை.

கார்டில் வாங்கும்போது இங்கே ஓடிபி கேட்கிறார்கள், சில வெளிநாட்டுத் தளங்களில் கேட்காமலேயே பணம் போய்விடுகிறதே?

இந்திய ரிசர்வ் வங்கி 2009-லேயே, கார்டை நேரில் தேய்க்காமல் இணையத்தில் செலுத்தும்போது கார்டில் அச்சிடப்படாத கூடுதல் சாட்சி ஒன்று வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அது உலகின் பல நாடுகளுக்கு முன்னால் எடுத்த முடிவு. ஆனால் வெளிநாட்டு வணிகரின் கட்டண வழி அந்த விதிக்குள் வராதபோது, கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் இவை மட்டுமே போதும் என்று ஆகிவிடுகிறது. மூன்றும் கார்டிலேயே அச்சடித்திருப்பவை. அதனால் வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனை என்று ஒரு பொத்தான் இருக்கும், தேவைப்படும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி பாதுகாப்பானதா?

எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். கூகுள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், மொத்தமாக வலைவீசும் போலி மெயில் தாக்குதல்களை 96 சதவீதமும், ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களை 76 சதவீதமும் தடுத்ததாகச் சொன்னார்கள். கடைசி எண்ணைக் கவனியுங்கள். உங்களையே குறி வைத்து ஒருவன் உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு முறை உள்ளே நுழைந்துவிடுகிறான்.

ஓடிபி சிம்மைத் தேடி வருகிறது, சிம் என்பது உங்கள் கையிலிருக்கும் அட்டை என்று நினைக்கிறோம், ஆனால் ‘இந்த எண் இந்த அட்டைக்கு’ என்று முடிவு செய்வது தொலைபேசி நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. போலி ஆவணம் காட்டி ‘சிம் தொலைந்துவிட்டது’ என்று மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கையே அவருடைய எண்ணைப் பறித்துத்தான் கைப்பற்றினார்கள். 2017-ல் ஜெர்மனியில் தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய எஸ்எஸ்7 அமைப்பின் ஓட்டை வழியாக ஓடிபிகளைத் திருப்பிவிட்டு வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள். இந்தியாவில் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்று ஒரு விதி இருக்கிறது, இந்தத் திருட்டுக்காகவே வந்த விதி. திடீரென்று உங்கள் போனில் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே நிறுவனத்தில் சிக்னல் இருந்தால், காத்திருக்காமல் வேறு போனிலிருந்து நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் இதைவிட அதிகம் பார்க்கும் வழி, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். அதை நிறுவி எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் ஓடிபி வந்த நொடியே அவனுக்குப் போய்விடும். சிம்மைப் பறிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

லாகின் எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தெண்டிகேட்டர் ஆப் நெட் இல்லாமலே, சிக்னல் இல்லாமலே எண் காட்டுகிறது. தளத்துக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் பதிவு செய்யும்போது ஒரு கியூஆர் படத்தை ஸ்கேன் செய்கிறீர்கள், அதற்குள் தளம் உங்களுக்கென்றே உருவாக்கிய நீளமான ரகசியம் இருக்கிறது. அது இப்போது இரண்டு இடத்தில் இருக்கும், தளத்திலும் உங்கள் போனிலும். அப்புறம் இருவருமே கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். 1970 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி, அதிலிருந்து இந்த நொடி வரை எத்தனை விநாடி ஆனதோ அதை 30-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து எச்மாக் என்ற கணக்கில் போட்டால் ஒரு பெரிய எண் வருகிறது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கடைசி ஆறு இலக்கத்தை எடுத்தால் அதுதான் திரையில் தெரிவது. இரண்டு பக்கமும் ஒரே ரகசியம், ஒரே நேரம், ஒரே கணக்கு, ஆகவே ஒரே விடை. இடையில் ஒரு செய்திகூடப் போகத் தேவையில்லை. 2011-ல் ஆர்எஃப்சி 6238 என்ற பெயரில் இது பொதுத் தரமாக வெளியானது, அதனால்தான் கூகுளின் ஆப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கையும், வேறொரு ஆப்பில் கூகுள் கணக்கையும் சேர்க்க முடிகிறது.

ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் எண்கள்தான், அதனால் தவறாகப் போட்டுக்கொண்டே இருப்பவனைத் தளம் நிறுத்தத்தான் வேண்டும். அந்தக் கியூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேலரியில் வைக்காதீர்கள், படம் கிடைத்தவனுக்கு உங்கள் எண்கள் எல்லாமே கிடைத்த மாதிரி.

சரியான எண்ணைப் போட்டும் தவறு என்கிறது?

போனின் கடிகாரம் முன்பின்னாக ஓடியிருக்கும். நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும்படி விடுங்கள், சரியாகிவிடும்.

கைரேகை வைத்து லாகின் செய்தால் என் ரேகை வங்கிக்குப் போகிறதா?

போனில் வைக்கும் ரேகை போனை விட்டு வெளியே போவதில்லை. போனுக்குள் தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் அதன் கணித வடிவம் இருக்கிறது, ஒப்பீடும் அங்கேயே நடக்கிறது, ஆப்புக்குப் போவது ‘பொருந்தியது’ என்ற பதில் மட்டும். அதனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: உங்கள் போனில் வேறொருவர் ரேகையும் சேர்த்திருந்தால், பல ஆப்புகளுக்கு அவரும் நீங்கள்தான்.

ஆதார் ரேகை வேறு கதை. அங்கே ரேகை மையத் தரவுத்தளத்தில் இருக்கிறது, ஊரில் வங்கி முகவர் வைத்திருக்கும் சின்ன இயந்திரத்தில் விரல் வைத்தால் அங்கே போய் ஒப்பிடப்படுகிறது. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை எடுத்து, சிலிகானில் அச்சு வார்த்து, ஆதார் வழிப் பணம் எடுக்கும் முறையில் ஏழைகளின் கணக்கைச் சுரண்டிய வழக்குகள் இந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆதார் ஆப்பிலோ ஆதாரை நடத்தும் யுஐடிஏஐ அமைப்பின் தளத்திலோ பயோமெட்ரிக் பூட்டு வசதி இருக்கிறது, பூட்டி வைத்துவிட்டுத் தேவைப்படும்போது திறங்கள். நூறு நாள் வேலைக் கூலியை விரல் வைத்து வாங்குகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பூட்டுவதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் கூலி எடுக்கப் போய் நிற்பார்கள்.

‘அனுமதிக்கவா?’ என்று போனில் பெட்டி வருவது எளிதாக இருக்கிறதே, அதில் என்ன குறை?

எளிதாக இருப்பதுதான் குறை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் பாஸ்வேர்டு வெளியே போயிருந்தது. திருடன் திரும்பத் திரும்ப லாகின் செய்ய, அவருக்கு அந்தப் பெட்டி வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டார். அது போதுமானதாக இருந்தது, நிறுவனத்தின் உள் அமைப்புகள் வரை போய்விட்டான். அந்தப் பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஒரு பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லும் பூட்டை அப்படி வடிவமைத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் முதல், லாகின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துப் போனில் தட்டினால்தான் அனுமதி என்று கட்டாயமாக்கியது. திரை முன்னால் நீங்கள் இல்லையென்றால் எண் உங்களுக்குத் தெரியாது. நல்ல மாற்றம். நீங்கள் லாகின் செய்யாதபோது அப்படி ஒரு பெட்டி வந்தால் மறுத்துவிட்டு, உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் அது வந்ததே பாஸ்வேர்டு வேறொருவனிடம் இருக்கிறது என்பதால்தான்.

ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் கணக்குப் போய்விட்டது. எப்படி?

போலித் தளத்தில் தட்டியிருப்பீர்கள். இப்போதைய போலித் தளங்கள் சும்மா படம் வரைந்து வைத்தவை இல்லை. நடுவில் உட்கார்ந்து, நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை அதே நொடியில் உண்மையான தளத்துக்கு அனுப்பும், உண்மையான தளம் உங்களுக்கு உண்மையான ஓடிபி அனுப்பும், அதையும் நீங்கள் இங்கே தட்ட, அங்கே போகும். ஓடிபி கொஞ்ச நேரம்தான் செல்லும் என்பது இங்கே உதவாது, அவனுக்கு மூன்று விநாடி போதும். ஆத்தெண்டிகேட்டர் ஆப்பின் எண்ணும் இதில் விழும். நீங்கள் கண்ணால் பார்த்து இன்னொரு இடத்தில் தட்டக்கூடிய எந்த எண்ணும் விழும்.

அப்படியானால் விழாதது எது?

பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனோ கணினியோ வைத்துக்கொள்ளும் சாவியான பாஸ்கீயும், யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும். பதிவு செய்யும்போது உங்கள் கருவி இரண்டு சாவிகளை ஜோடியாக உருவாக்குகிறது. ஒன்று ரகசியமாக உங்களிடமே இருக்கும், மற்றது தளத்துக்குப் போகும். லாகின் செய்யும்போது தளம் யாராலும் யூகிக்க முடியாத ஒரு புதிய எண்ணை அனுப்பி ‘இதில் கையெழுத்துப் போடு’ என்கிறது. உங்கள் ரேகையோ பின்னோ பார்த்த பிறகு கருவி ரகசியச் சாவியால் கையெழுத்திடுகிறது, தளம் தன்னிடம் உள்ள சாவியால் அது சரியா என்று பார்க்கிறது. ரகசியம் தளத்துக்குப் போவதே இல்லை, ஆகவே தளம் கசிந்தாலும் திருடனுக்கு உபயோகமான எதுவும் கிடைக்காது.

ஆனால் இதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருக்கிறது. எந்தத் தளத்துக்கு உருவாக்கிய சாவியோ அந்த முகவரிக்கு மட்டும்தான் அது வேலை செய்யும், முகவரியைப் பார்ப்பது உங்கள் கண் இல்லை, பிரவுசர். ஒரே ஒரு எழுத்து மாறிய போலி முகவரியை அவசரத்தில் நாம் பார்க்காமல் விடுவோம், பிரவுசர் விடாது. 2022-ல் ட்விலியோ என்ற தகவல் தொடர்பு நிறுவனத்தின் ஊழியர்களை ஏமாற்றி நுழைந்த அதே பாணித் தாக்குதல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் வந்தது. அங்கேயும் மூன்று ஊழியர்கள் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்ததால் தாக்கியவர்களால் உள்ளே போக முடியவில்லை. ஏமாந்த பிறகும் காப்பாற்றும் பூட்டு இது, மனிதர்கள் எப்போதும் உஷாராக இருப்பார்கள் என்று எதிர்பார்க்காத பூட்டு. வங்கிகள் எல்லாம் இதற்கு மாற வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாஸ்கீயில் ஒரே ஒரு படிதானே, அது எப்படி இரண்டு காரணி ஆகும்?

கையில் இருக்கும் கருவி ஒன்று, அதைத் திறக்கும் ரேகை அல்லது பின் இன்னொன்று. தட்டுவது ஒருமுறை, சாட்சி இரண்டு.

எல்லாம் போட்டும் நுழைந்துவிட்டார்கள் என்கிறார்களே?

லாகின் முடிந்ததும் பிரவுசரில் ஒரு குக்கீ வைக்கிறார்கள், ‘இவரைச் சரிபார்த்தாகிவிட்டது’ என்ற அனுமதிச் சீட்டு. திருட்டு மென்பொருள் அதைத் தூக்கிக்கொண்டு போனால் பூட்டைத் தொடாமலேயே உள்ளே போகலாம். கிராக் செய்த மென்பொருள்களோடு இது அதிகம் வருகிறது. இன்னொரு வழி ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற கதவு. முன்வாசலில் பாஸ்கீ வைத்துவிட்டு, பின்வாசலில் எஸ்எம்எஸ் ஓடிபி மட்டும் கேட்டால், திருடன் பின்வாசலுக்குத்தான் போவான்.

போன் தொலைந்தால் நானே வெளியே நின்றுவிட மாட்டேனா?

நின்றுவிடலாம், அந்தப் பயம் நியாயமானது. பதிவு செய்யும்போதே மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், பெரும்பாலும் பத்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். முடிந்தால் இரண்டாவது கருவியிலும் பாஸ்கீ போட்டு வையுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

மெயிலிலிருந்து. மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. அடுத்து வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பு, அதில் ஆறு இலக்கப் பின் வைத்துவிட்டால் ஓடிபி மட்டும் கிடைத்தவனால் உங்கள் கணக்கை உடனே எடுத்துக்கொள்ள முடியாது. வீட்டில் பெரியவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

ஏமாந்து ஓடிபியைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

1930-க்கு உடனே போன் செய்யுங்கள், நாடு முழுவதும் சைபர் மோசடிக்கான எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிக்கொண்டிருக்கும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவுப்படி, நீங்களே ஓடிபியைப் பகிர்ந்ததால் போன பணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு, ஆனால் வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தெரிவித்த நேரம் புகாரில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.